மண்ணும் மூச்சும்: மனிதப் படைப்பைப் பற்றிய கிறிஸ்தவக் கோட்பாடு

குடம் ஒன்று உண்டாவதற்குக் காரணம் மூன்று என்பது தமிழ்த் தத்துவ நூல்களைப் பயின்றோர் நன்கு அறிந்த செய்தி. களிமண் முதற்காரணம், தண்டும் திகிரியும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத் தோற்றத்தை விளக்கப் புகுந்த சைவ சித்தாந்தம் இவ்வுவமையையே கையாண்டு, மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம் என்று நிறுவுகின்றது. உயிர்களோ அங்குப் படைக்கப்பட்டவை அல்ல. இறைவனைப் போலவே அவையும் அநாதி. அநாதியாய் உள்ள உயிர்களுக்கு உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்ச்சியையும் கூட்டித் தருவதே அங்குப் ‘படைப்பு’ எனப்படுவது.

இந்த மரபில் பழகிய தமிழ்ச் செவி, ‘கடவுள் மனிதனைப் படைத்தார்’ என்னும் கிறிஸ்தவ வாக்கியத்தைக் கேட்கும்போது, அங்கும் குயவனும் களிமண்ணுமே இருப்பதாக எண்ணிக்கொள்வது இயல்பு. சொல் ஒன்றே, பொருளோ பெரிதும் வேறு. கிறிஸ்தவக் கோட்பாட்டில் நிமித்தகாரணம் உண்டு, முதற்காரணம் இல்லை. கடவுளுக்கு முன்னோ கடவுளோடு உடனாகவோ யாதொரு பொருளும் இருந்ததில்லை; உயிரும் அநாதி அன்று. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற்கொண்டால் மற்றவை பலவும் தாமே விளங்கும். கொள்ளாதவர்கள் இரண்டு சமயங்களும் ஒன்றையே கூறுகின்றன என்று மகிழ்ந்தோ, ஒன்றையொன்று மறுக்கின்றன என்று சினந்தோ வீண்பொழுது போக்குவர்.

இரண்டு வரலாறுகள்

விவிலியத்தின் முதல் நூலைச் சீர்திருத்தச் சபையார் ஆதியாகமம் என்றும், கத்தோலிக்கர் இன்று தொடக்க நூல் என்றும் வழங்குவர். அதன் முதல் இரண்டு அதிகாரங்களில் மனிதப் படைப்பு இருமுறை கூறப்படுகிறது. ஒரே கதையின் இரு பகுதிகள் என்று பலர் இவற்றைச் சேர்த்துப் படித்துவிடுகின்றனர். நடையும் சொல்லும் நிகழ்ச்சியின் வரிசையும் வெவ்வேறாய் இருத்தலின், இவை இரு வேறு மரபுகளிலிருந்து வந்து ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டவை என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் துணிபு.

முதல் வரலாறு ஆறு நாள் வேலையும் ஏழாம் நாள் ஓய்வுமாகச் சீராக அமைந்தது. ஒளி, வானம், நிலம், மரஞ்செடிகள், கதிரும் நிலவும், நீர்வாழ்வன, பறவைகள், விலங்குகள் என அடுக்கிக்கொண்டே வந்து ஆறாம் நாளின் இறுதியில் மனிதனைப் படைக்கிறது. ஆணும் பெண்ணும் அங்கே ஒருங்கே தோன்றுகின்றனர். படைத்தலைக் குறிக்க அங்கு வரும் எபிரேயச் சொல் ‘பாரா’ என்பது. இந்த வினைக்குப் பழைய ஏற்பாட்டில் எங்கும் கடவுளே எழுவாய். மனிதர் எவரும் இவ்வினையைச் செய்வதில்லை. இன்ன பொருளைக் கொண்டு என்று மூலப்பொருளைச் சுட்டும் சொல்லும் இதனோடு சேர்ந்து வருவதில்லை. மனிதனைப் படைத்ததைக் கூறும் ஒரே வசனத்தில் இச்சொல் மும்முறை வருகிறது.

இரண்டாம் வரலாற்றில் குயவன் வந்துவிடுகிறான். அங்குள்ள வினை ‘யாட்சர்’. மட்கலம் வனைவோனின் தொழிலைக் குறிப்பது. எரேமியா தீர்க்கதரிசி கண்ட குயவனுக்கும் இவ்வினையடியாகப் பிறந்த பெயரே வழங்குகிறது. நிலத்தின் மண்ணை எடுத்து மனிதனை உருவாக்கி அவன் நாசியில் கடவுள் உயிர்மூச்சை ஊதுகிறார். மண்ணுக்கு எபிரேயத்தில் ‘அதாமா’, மனிதனுக்கு ‘ஆதாம்’. எனவே ஆதாம் என்பது முதலில் ஒருவனுடைய இயற்பெயர் அன்று. மண்ணிலிருந்து வந்தவன் என்னும் பொருள் தொனிக்கும் பொதுப்பெயர். இலத்தீன் மொழியிலும் மனிதனைக் குறிக்கும் ‘ஹோமோ’வுக்கும் மண்ணைக் குறிக்கும் ‘ஹூமுஸ்’ என்பதற்கும் உறவு உண்டு. தமிழில் மண், மனிதன் என்னும் சொற்கள் ஒலியால் நெருங்கி நின்றாலும் அவற்றுக்கு வேர் ஒன்றன்று. ஒலியை நம்பிச் சொல்லாராய்ச்சி செய்வோர் இங்கு வழுக்கி விழுதல் கூடும்.

இங்கு ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. மூச்சு ஊதப்பட்டதும் மனிதன் ‘உயிருள்ள நெஃபெஷ்’ ஆனான் என்று நூல் கூறுகிறது. அதே தொடர் விலங்குகளுக்கும் வழங்குகிறது. அவையும் அதே மண்ணிலிருந்தே உருவாக்கப்பட்டதாகச் சில வசனங்கள் தள்ளிக் கூறப்படுகிறது. ஆகவே, உடல் ஒரு கூடு, உயிர் அதனுள் வந்து தங்கிய பறவை என்னும் கருத்து இவ்விடத்தில் இல்லை. மண்ணும் மூச்சும் கூடிய முழுமையே மனிதன். உடல்வேறு உயிர்வேறு என்னும் பிரிவினை, கிரேக்கத் தத்துவத்தோடு பழகிய பிற்காலத்தில்தான் கிறிஸ்தவச் சிந்தனையுள் வலுப்பெற்றது.

பெண்ணின் படைப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆணின் ‘விலா எலும்பு’ என்று பெயர்க்கப்படும் ‘ட்சேலா’ என்னும் சொல், யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் பக்கத்தைக் குறிக்கவும் வருகிறது. ‘பக்கம்’ என்பதே அதன் பரந்த பொருள். பெண்ணை ஆணுக்கு ஏற்ற ‘துணை’ என்கிறது நூல். துணை என்றவுடன் எடுபிடி என்று பொருள் கொண்டவர் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் அங்குள்ள ‘ஏசேர்’ என்னும் எபிரேயச் சொல் பழைய ஏற்பாட்டில் மிகுதியும் மனிதருக்குத் துணைவரும் கடவுளையே குறிக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை போலும்.

பாபிலோனியர் சொன்ன கதை

இவ்வரலாறுகளின் வலிமை அயல்நாட்டுக் கதைகளோடு ஒப்பிடும்போதுதான் புலப்படும். பாபிலோனியரின் ‘அத்ராகாசிஸ்’ என்னும் காவியம் கி.மு. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. மனிதர் தோன்றுமுன் சிறுதெய்வங்கள் பெருந்தெய்வங்களுக்காகக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தன என்று அது தொடங்குகிறது. நெடுங்காலம் மண் சுமந்து அலுத்துப்போன அத்தெய்வங்கள் ஒருநாள் மண்வெட்டிகளையும் கூடைகளையும் தீயிலிட்டுக் கொளுத்திவிட்டு, தலைமைத் தெய்வமாகிய என்லிலின் மாளிகையை இரவோடிரவாகச் சூழ்ந்துகொள்கின்றன. உலக இலக்கியத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே எனலாம். பெருந்தெய்வங்கள் கூடி ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருகின்றன. ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் தசையையும் குருதியையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனை உண்டாக்கி, கூடையை அவன் தலையில் ஏற்றிவிடுகின்றன. ‘எனுமா எலிஷ்’ என்னும் மற்றொரு பாபிலோனியக் காவியத்தில் தோற்றுப்போன கிங்கு என்னும் தெய்வத்தின் குருதியிலிருந்து மனிதன் படைக்கப்படுகிறான். காரணம் அங்கும் அதுவே: தெய்வங்கள் ஓய்ந்திருக்க வேண்டும், மனிதன் உழைக்க வேண்டும்.

எருசலேம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீழ்ந்தது. யூதரில் ஒரு பகுதியார் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டனர். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது அக்காலத்தையொட்டியே என்பது பல ஆராய்ச்சியாளர் கருத்து. இதனை மனத்திற்கொண்டு அந்த அதிகாரத்தைப் படித்தால், அடிமைப்பட்ட மக்கள் ஆண்டவர்களின் கதைக்கு மெல்லிய குரலில் கூறிய மறுமொழி காதில் விழும். இங்கும் களிமண் உண்டு. ஆனால் கொலையுண்ட தெய்வத்தின் குருதி இல்லை. இங்கும் ஓய்வு உண்டு. ஆனால் அது மனிதனை வருத்தித் தெய்வம் பெறும் ஓய்வு அன்று. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை, ஆறுநாட் படைப்பையே சான்று காட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் வீட்டு மாடும் அந்நாளில் வேலை செய்யலாகாது என்கிறது. கடவுள் ஓய்ந்தார், ஆகவே கூலிக்காரனும் ஓய்வான் என்னும் நியாயம் பாபிலோனில் எவருக்கும் விளங்கியிராது.

சாயல் என்றால் என்ன?

கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்னும் கூற்றே இக்கோட்பாட்டின் நடுநாயகம். இங்கு எபிரேயத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன: ‘ட்செலெம்’, ‘தெமூத்’. முன்னது செதுக்கிய உருவத்தைக் குறிக்கும் சொல். விக்கிரகங்களுக்கும் அதுவே பெயர். விக்கிரகம் கூடாது என்று இடைவிடாது முழங்கும் ஒரு நூல், மனிதனைக் கடவுளின் விக்கிரகம் என்று அழைப்பது வியப்பே.

அக்கால வழக்கில் இச்சொல்லுக்கு அரசியல் மணம் உண்டு. எகிப்திலும் மெசப்பொத்தாமியாவிலும் அரசன் ஒருவனே தெய்வத்தின் உருவம் எனப்பட்டான். துட்டங்காமுன் என்னும் எகிப்திய மன்னனின் பெயருக்கே ‘அமுன் தெய்வத்தின் உயிருள்ள உருவம்’ என்று பொருள். 1979-இல் சிரியா நாட்டில் தெல் ஃபெகெரியே என்னும் இடத்தில் அரசன் ஒருவனின் கற்சிலை கண்டெடுக்கப்பட்டது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டினது என்று பெரும்பாலோர் கொள்ளும் அச்சிலையின் மேல் அக்காதிய மொழியிலும் அரமேய மொழியிலும் எழுத்துகள் இருந்தன. அரமேயப் பகுதி அச்சிலையைக் குறிக்க இரண்டு சொற்களை ஆளுகிறது. அவை ஆதியாகமத்தில் உள்ள அந்த இரண்டு சொற்களின் இனச்சொற்களே! ஓர் அரசன் தான் நேரில் இல்லாத இடத்தில் தன் ஆட்சியை அறிவிக்க நாட்டிய சிலைக்கு உரிய சொற்களை, ஆதியாகமம் ஆண் பெண் இருபாலார்க்கும், எல்லா மனிதர்க்கும் உரியனவாக்கிவிட்டது. அரசனிடமிருந்து எடுத்து யாவர்க்கும் பங்கிட்டுவிட்டது என்றாலும் பிழையில்லை.

இதனால் விளைவதும் அந்நூலிலேயே உண்டு. ஒன்பதாம் அதிகாரம், மனிதனின் குருதியைச் சிந்துதல் ஏன் கூடாது என்பதற்கு இச்சாயலையே காரணமாகக் காட்டுகிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபமோ, ஒரே நாவால் கடவுளைத் துதித்துக்கொண்டு அவர் சாயலில் உண்டான மனிதரைச் சபிப்பது எங்ஙனம் பொருந்தும் என்று வினவுகிறது.

இன்மையிலிருந்து

முதற்காரணம் இல்லை என்னும் கொள்கை ஆதியாகமத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவில்லை. அங்கே தொடக்கத்தில் இருளும் நீரும் இருக்கின்றன. கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் ‘திமாயுஸ்’ நூலில் வரும் தெய்வத் தச்சன் முன்பே இருந்த பொருளைக் கொண்டு உலகைச் சமைத்ததைப் போலவே இங்கும் நிகழ்ந்தது என்று கொள்ள இடமுண்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் தியோபிலஸ், லியோன் நகரத்து இரெனேயு ஆகிய ஆயர்கள்தாம் இன்மையிலிருந்து படைப்பு என்பதைத் தெளிவாக வரையறுத்தவர்கள்.

அவர்களை அதற்குத் தூண்டியவர்கள் ஞானவாதியர் எனப்பட்ட கூட்டத்தார். பொருளுலகம் இழிந்தது, உடல் சிறை, இவற்றைப் படைத்தவன் அறியாமையுடைய கீழ்த்தெய்வம் என்று அவர்கள் போதித்தனர். இரெனேயு இதனை வன்மையாக மறுத்தார். மீட்பரை அனுப்பிய கடவுளும் மண்ணைப் பிசைந்த கடவுளும் ஒருவரே. தம் மைந்தன், ஆவி என்னும் இரு கைகளாலும் மனிதனை வனைந்தார். ஆகவே உடலும் நல்லதே என்பது அவர் வாதம். முதல் மனிதன் நிறைவு பெற்றவனாகப் படைக்கப்படவில்லை, குழந்தையைப்போல் வளரவேண்டியவனாகவே படைக்கப்பட்டான் என்றும் அவர் எழுதினார். ஆதாமின் வீழ்ச்சியைப் பேசும்போது பிற்காலத்தார் பெரும்பாலோர் குற்றத்தையே முன்னிறுத்த, இவர் வளர்ச்சியை முன்னிறுத்தியது ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு மிகவும் உவப்பான கருத்து.

உருவம், சாயல் என்னும் இரண்டையும் வெவ்வேறாகப் பிரித்ததும் இரெனேயுவே. உருவம் எல்லா மனிதரிடத்தும் மாறாதிருப்பது; சாயல் பாவத்தால் இழக்கப்பட்டுக் கிறிஸ்துவினால் மீண்டும் பெறப்படுவது என்று பொதுவாக இதனை விளக்குவர். அழகிய பாகுபாடுதான். ஆயினும் ஒரு பொருளையே இரு சொல்லால் அடுக்கிக் கூறுவது எபிரேய நடையின் இயல்பு என்பதை எடுத்துக்காட்டி, 16-ஆம் நூற்றாண்டில் லூத்தரும் கால்வினும் இப்பாகுபாட்டை ஏற்க மறுத்தனர். இலக்கணம் அவர்கள் பக்கமே நிற்கிறது.

உலகைப் படைக்குமுன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று குறும்பாகக் கேட்பவர் எக்காலத்தும் உண்டு. அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலில் இதற்கு விடையிறுக்கிறார். காலமும் படைக்கப்பட்டதே, காலம் இல்லாதபோது ‘முன்’ என்னும் சொல்லுக்கே பொருள் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இதனை மேலும் கூர்மையாக்கினார். உலகிற்குத் தொடக்கம் உண்டு என்பதை அவர் வேத வாக்காக நம்பினார். ஆனால் தருக்கத்தால் மட்டும் அதனை நிறுவ இயலாது என்று ஒப்புக்கொண்டார். அவர் கருத்தில் படைப்பு என்பது என்றோ ஒருநாள் நடந்து முடிந்த செயல் அன்று. ஒவ்வொரு கணமும் உலகம் கடவுளைச் சார்ந்து நிற்கும் நிலை. தச்சன் போனபின்னும் வீடு நிற்கும். கதிரவன் மறைந்தால் காற்றில் நிறைந்த ஒளி நில்லாது. படைப்பு வீட்டைப் போன்றதன்று, ஒளியைப் போன்றது என்றார். தொடக்கத்தில் சொன்ன குயவன் உவமை இங்கே முற்றிலும் கழன்றுவிடுகிறது.

விலை என்ன?

ஒரு கோட்பாட்டின் தரம் சந்தையிலே தெரியும். 4-ஆம் நூற்றாண்டில், இன்று துருக்கி நாட்டிலுள்ள கப்பதோக்கியாவில், நிசா நகரத்து ஆயர் கிரகோரி, பிரசங்கி நூலைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றில் அடிமைகளை வாங்குவோரை நேராக நிறுத்திக் கேள்வி கேட்டார். கடவுளின் சாயலுக்கு எத்தனைக் காசு என்று கணக்கிட்டீர்கள்? மண்ணுலகம் முழுவதையும் ஆளுமாறு படைக்கப்பட்டவனை விற்பவன் யார், வாங்குபவன் யார்? விலைச்சீட்டு எழுதிக்கொண்டதனால் ஒருவன் மற்றவனுக்கு மேலானவனாகிவிடுவானா? அடிமைகளை அன்போடு நடத்துங்கள் என்று கூறியவர் அக்காலத்தில் பலர். அடிமை முறையே தவறு என்று சாயற் கோட்பாட்டைக் கொண்டு வாதிட்டவர் இவரைப்போல் வேறொருவரைக் காண்பது அரிது.

அவர் சொல்லைச் சபை கேட்டு நடந்ததா? இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கிறிஸ்தவ அரசர்களும் வணிகர்களும், சில வேளைகளில் குருமாரும், அடிமைகளை வைத்திருந்தனர். ஸ்பானியர் அமெரிக்காவைக் கைப்பற்றியபோது, அங்குள்ள மக்கள் முழு மனிதர்தாமா என்பதே வழக்காயிற்று. 1537-இல் போப் மூன்றாம் பவுல், அவர்கள் மெய்யான மனிதர்களே. கிறிஸ்தவர் அல்லர் என்பதைக் காரணமாக்கி அவர்களுடைய உரிமையையோ உடைமையையோ பறித்தல் ஆகாது என்று ஆணை பிறப்பித்தார். 1550, 1551-ஆம் ஆண்டுகளில் வல்லதோலித் நகரில் இதுபற்றிப் பெருவாதம் நடந்தது. இயற்கையிலேயே அடிமையாகப் பிறந்தோர் உண்டு என்னும் அரிஸ்டாட்டிலின் கொள்கையைச் செபுல்வேதா என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். லாஸ் காசாஸ் என்னும் துறவி எதிர்த்து நின்றார். இதே லாஸ் காசாஸ், முன்னொரு காலத்தில் அமெரிக்க மக்களின் துன்பத்தைக் குறைக்க ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுவரலாம் என்று யோசனை கூறியவர். பின்னர் அதற்காக மிகவும் வருந்தி எழுதினார். ஒரு மக்களிடம் சாயலைக் கண்ட கண் மற்றொரு மக்களிடம் அதைக் காணத் தவறியது. வேதத்தை ஓதியவர்களே ஆதியாகமத்தின் வேறொரு பகுதியை, நோவா கானானைச் சபித்த இடத்தை, எடுத்துக்காட்டி ஆப்பிரிக்கரின் அடிமைத்தனத்தை நியாயப்படுத்திய காலமும் உண்டு. முதல் அதிகாரத்தைப் புரட்டாமல் ஒன்பதாம் அதிகாரத்துக்குத் தாவியவர்கள் அவர்கள்.

விஞ்ஞானமும் வேதமும்

அயர்லாந்து பேராயர் அஷ்ஷர், விவிலிய வமிசப் பட்டியல்களைக் கூட்டிக் கழித்து, கி.மு. 4004-இல் உலகம் படைக்கப்பட்டதாக 1650-இல் கணித்து வெளியிட்டார். டார்வினின் நூல் 1859-இல் வந்தது. இரண்டுக்கும் இடையே பிளவு பெரிதாயிற்று. 1925-இல் அமெரிக்காவின் தென்னெசி மாநிலத்தில், மனிதன் கீழுயிர்களிலிருந்து தோன்றினான் என்று பள்ளியில் கற்பிப்பதைத் தடுத்த சட்டத்தின்கீழ் ஜான் ஸ்கோப்ஸ் என்னும் இளம் ஆசிரியர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டார். இரண்டாண்டுகளுக்குப்பின் மேல்நீதிமன்றம் தண்டத்தை விதித்த முறையில் குறை கண்டு தீர்ப்பைத் தள்ளியதே ஒழிய, சட்டத்தைத் தள்ளவில்லை. அச்சட்டம் 1967-இல்தான் நீக்கப்பட்டது.

ஆயினும் கிறிஸ்தவர் யாவரும் பரிணாமத்தை எதிர்த்தனர் என்று கொள்வது தவறு. போப் பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் வெளியிட்ட சுற்றுமடல், மனித உடல் முன்னிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்பதை அறிஞர் ஆராயத் தடையில்லை என்றும், ஆன்மாவைக் கடவுள் நேரே படைக்கிறார் என்பதில் மாற்றமில்லை என்றும் கூறியது. 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்னும் நிலையைத் தாண்டிவிட்டது என்று ஏற்றுக்கொண்டார். சீர்திருத்தச் சபைகளுள் சில இதனை ஏற்கின்றன. வேறு சில ஆறு நாட்களையும் எழுத்துக்கு எழுத்து கொண்டு இன்றும் மறுக்கின்றன. எழுத்துக்கு எழுத்து கொள்வதே பழைமையான வழி என்று இவர்கள் கருதுவதுதான் வேடிக்கை. அகுஸ்தீன் ஆறு நாட்களைச் சாதாரண நாட்களாகக் கொள்ளவில்லை. அதுமட்டுமன்று, விண்ணையும் மண்ணையும் பற்றிப் பிற சமயத்தார் தெளிவாக அறிந்திருக்கும் செய்திகளில், வேதத்தைச் சான்று காட்டிக் கிறிஸ்தவர் பிதற்றுவது பெரும் இழுக்கு என்று அன்றே எச்சரித்தார்.

தமிழில் வந்த சொற்கள்

இக்கோட்பாடு தமிழுக்கு வந்தபோது மொழிபெயர்ப்பாளர் பட்ட பாடு சிறிதன்று. கடவுளைக் குறிக்கவே சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். ஃபப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். 19-ஆம் நூற்றாண்டில் பவரின் தலைமையில் அமைந்த பெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. பவர் பெயர்ப்பில் சிருஷ்டித்தல், திருவிவிலியத்தில் படைத்தல். இரண்டும் முன்னரே வேறு சமயத் தத்துவங்களில் தோய்ந்த சொற்களே. தோயாத சொல் வேண்டுமென்றால் புதிதாகத்தான் படைக்கவேண்டும்.

அந்த இரு எபிரேயச் சொற்களின் கதை இன்னும் சுவையானது. பவர் பெயர்ப்பு முதற்சொல்லைச் ‘சாயல்’ என்றும் இரண்டாவதை ‘ரூபம்’ என்றும் வைத்தது. திருவிவிலியம் முதற்சொல்லை ‘உரு’ என்றும் இரண்டாவதைச் ‘சாயல்’ என்றும் வைத்தது. ஒரே சாயல் இடம் மாறி நிற்கிறது! செதுக்கிய உருவத்தைக் குறிக்கும் ‘ட்செலெம்’ என்பதற்கு ‘உரு’ பொருந்துகிறது என்பதில் ஐயமில்லை. சாயல் என்னும் சொல்லுக்கோ தொல்காப்பிய உரியியல் மென்மை என்று பொருள் கூறுகிறது. மயிலின் சாயல் என்று புலவர் சொல்லும்போது அந்த மென்மையே முன்னிற்கிறது. ஒருவனைப் பார்த்துத் ‘தந்தையின் சாயல்’ என்று நாம் சொல்லும்போது ஒப்புமை முன்னிற்கிறது. ஆதாமுக்குச் சேத்து என்னும் மகன் பிறந்ததைச் சொல்லும் ஐந்தாம் அதிகாரத்தில் எபிரேய மூலம் அதே இரண்டு சொற்களையும் வரிசை மாற்றி ஆள்வதால், ‘தந்தையின் சாயல்’ என்னும் வீட்டு வழக்கு மூலத்துக்கு அயலானது அன்று.

பழைய பெயர்ப்பில் ‘மனுஷன்’ என்றிருந்தது புதியதில் ‘மானிடர்’ என்று பன்மையானதைக் கண்டு சிலர் குறை கூறியதுண்டு. மூலத்தில் ‘ஆதாம்’ என்பது இவ்விடத்தில் தொகுதிப் பெயர். அடுத்து வரும் ‘ஆளட்டும்’ என்னும் பொருளுடைய வினை எபிரேயத்தில் பன்மையாகவே நிற்கிறது.